திருவனந்தபுரத்தில் வேலை, குமரியில் வீடு: வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டிய மூன்று வழிகள்

காலை வண்டிக்காகக் குழித்துறை ரயில் நிலையத்தில் காத்து நிற்பவர்களை ஒரு நாள் கவனித்துப் பாருங்கள். தோளில் பை, பைக்குள் சோற்றுப் பாத்திரம், கழுத்தில் அலுவலக அடையாள அட்டை. மருத்துவக் கல்லூரியில் வேலை பார்க்கும் செவிலியர், சாலை என்னும் கடைவீதியில் கணக்கு எழுதுபவர், கழக்கூட்டத்து டெக்னோபார்க்குக்குப் போகும் பொறியாளர் என்று எல்லாரும் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். சம்பளம் திருவனந்தபுரத்தில், சோறும் தூக்கமும் இங்கே. 1956 நவம்பர் 1 அன்று இந்த மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது எல்லைக் கோடு மாறியது. மேற்குக் குமரியில் பலர் பிழைப்புக்குப் போகும் திசை மாறவில்லை.

நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். நகரத்தில் இரண்டு படுக்கையறை அடுக்ககத்துக்குக் கேட்ட பணத்தில், இங்கே கிணறும் இரண்டு பலாவும் உள்ள வீடு கிடைக்கும் என்று தெரிந்ததும் தேட ஆரம்பித்தேன். மூன்று வருடத்தில் இருபதுக்கு மேற்பட்ட வீடுகளைப் பார்த்தேன். ஒரு முன்பணத்தை இழந்தேன். அதன் பிறகுதான் வீட்டைக் கடைசியாகப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். முதலில் வேலைக்குப் போகும் வழி, அடுத்து வீட்டுக்குள் போகும் வழி, அதற்கடுத்து சொத்து கைமாறி வந்த வழி. இந்த மூன்றும் சரியாக இருந்தால்தான் சுவரைத் தட்டிப் பார்ப்பதில் பொருள் உண்டு.

கையில் எவ்வளவு இருக்க வேண்டும்

ஒரு கணக்குக்கு வீட்டின் விலை 35 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆக 3,15,000 ரூபாய் பதிவன்றே போய்விடும். எல்லைக்கு அப்பால் பாறசாலையிலோ நெய்யாற்றின்கரையிலோ வாங்கினால் 8 சதவீதமும் 2 சதவீதமுமாக 3,50,000. சிறிய சொத்து பார்ப்பவர்களுக்கு ஒரு சலுகை உண்டு: 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால், 2025 ஏப்ரல் 1 முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு.

வீட்டுக் கடனுக்கு ரிசர்வ் வங்கி உச்சவரம்பு வைத்திருக்கிறது. 30 லட்சம் வரையிலான கடன் என்றால் சொத்து மதிப்பில் 90 சதவீதம் வரை, அதற்கு மேல் 75 லட்சம் வரை என்றால் 80 சதவீதம். இது வங்கி கொடுக்கக்கூடிய அதிகபட்சம். கொடுத்தே ஆக வேண்டிய தொகை என்று யாரும் எண்ண வேண்டாம். பழைய ஓட்டு வீட்டுக்கு மதிப்பீட்டாளர் போடும் தொகை, நீங்கள் பேசி முடித்த விலையைவிடக் குறைவாகவே இருக்கக்கூடும். 28 லட்சம் கடன் கிடைக்கிறது என்றால் மீதி 7 லட்சம், பதிவுச் செலவு 3.15 லட்சம், வழக்கறிஞர், அளவையர், தரகு, கொஞ்சம் மராமத்து என்று ஏறத்தாழ 11 லட்சத்துக்கு மேல் சொந்தக் கையிலிருந்து வேண்டும். 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுக்கு அந்தக் கடனின் மாதத் தவணை சுமார் 24,300 ரூபாய்.

இன்னொன்று. சம்பளக் கணக்கு திருவனந்தபுரத்து வங்கிக் கிளையில் இருக்கும், சொத்து தமிழ்நாட்டில் இருக்கும். அந்தக் கிளை குமரி மாவட்டச் சொத்துக்குக் கடன் தருமா, இங்குள்ள பத்திரங்களைப் பார்க்க அவர்களுக்கு வழக்கறிஞர் இருக்கிறாரா என்பதை வீடு தேடும் முன்பே கேட்டுவிடுங்கள். விலை பேசி முடித்த பிறகு கேட்டால், முன்பணத்தின் கெடு ஓடிக்கொண்டிருக்கும்.

முதல் வழி: வேலைக்கு

தரகர் எல்லாரும் தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்வார்கள். குழித்துறையிலிருந்து திருவனந்தபுரம் சென்ட்ரல் நாற்பது கிலோமீட்டருக்கும் குறைவு, நாகர்கோவிலிலிருந்து எழுபது சொச்சம். கிலோமீட்டரால் நமக்குப் பயன் இல்லை. உங்கள் வீட்டுக் கதவைப் பூட்டியதிலிருந்து அலுவலக நாற்காலியில் உட்காருவது வரை எத்தனை நிமிடம் என்பதுதான் கணக்கு. ரயிலில் ஒரு மணி நேரம் என்றால், வீட்டிலிருந்து நிலையத்துக்கு இருபது நிமிடம், வண்டிக்காகப் பதினைந்து நிமிடம், சென்ட்ரல் நிலையம் இருக்கும் தம்பானூரிலிருந்து பட்டம் பகுதிக்கோ மருத்துவக் கல்லூரிக்கோ அரை மணி நேரம் என்று அது இரண்டு மணி நேரமாக வளர்ந்துவிடும்.

இந்தத் தடம் 1979-இல் திறக்கப்பட்டது. குமரிப் பகுதியில் பெரும்பாலும் ஒற்றைத் தடமாகவே இயங்கி வந்திருக்கிறது. இரட்டிப்புப் பணி நடக்கிறது. ஒற்றைத் தடத்தில் எதிர்வண்டிக்காக ஏதாவது ஒரு நிலையத்தில் காத்துக் கிடப்பதை நாங்கள் கிராசிங் என்போம். சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து காலைச் சாப்பாட்டையே முடித்துவிடக்கூடிய கிராசிங்குகள் உண்டு.

மாத சீசன் டிக்கெட்டை 150 கிலோமீட்டர் தூரம் வரை எடுக்கலாம், நாகர்கோவிலும் அதற்குள் அடக்கம். ஆனால் முன்பதிவுப் பெட்டியிலும் வந்தே பாரத்திலும் அது செல்லாது. அதிவிரைவு வண்டியில் ஏற வேண்டுமானால் கூடுதல் கட்டணம் சேர்த்து எடுக்க வேண்டும். ஆகவே கால அட்டவணையில் வண்டிகளை எண்ணும்போது உங்கள் சீசன் டிக்கெட்டில் ஏறக்கூடிய வண்டிகளை மட்டும் எண்ணுங்கள். அதிலும் உங்கள் நிலையத்தில் நிற்கும் வண்டிகளை மட்டும். குழித்துறையிலும் இரணியலிலும் நிற்கும் எக்ஸ்பிரஸ் எல்லாம் பள்ளியாடியிலோ குழித்துறை மேற்கிலோ நிற்காது. டெக்னோபார்க்கில் வேலை என்றால் சென்ட்ரலைத் தாண்டி கழக்கூட்டம் வரை போகும் வண்டி எது என்று பாருங்கள். கொச்சுவேளி இப்போது திருவனந்தபுரம் வடக்கு, நேமம் திருவனந்தபுரம் தெற்கு. பழைய பெயரில் தேடிவிட்டு வண்டி இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

பஸ்ஸில் போகிறவர்களுக்குக் களியக்காவிளைதான் தலைவாசல். அங்கிருந்து பாறசாலை, அமரவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம், கரமனை வழியாகத் தம்பானூர் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். இதில் பாலராமபுரம் சந்திப்பு ஒரு புட்டியின் கழுத்து. காலை நேரத்தில் அந்தக் கைத்தறிக் கடைகளின் பெயர்ப்பலகைகளை மனப்பாடம் செய்யும் அளவுக்கு வண்டி நகராமல் நிற்கும். கழக்கூட்டம் – காரோடு புறவழிச்சாலை வந்ததிலிருந்து சொந்த வாகனத்தில் போகிறவர்களுக்கு, அதுவும் கோவளம், டெக்னோபார்க் பக்கம் வேலை உள்ளவர்களுக்கு, அந்தத் தொல்லை இல்லை. கேரளத்தில் கடையடைப்பு என்றால் களியக்காவிளையோடு பஸ் நின்றுவிடும், ரயில் மட்டும் ஓடும். நிலையத்துக்கு எட்டிய தூரத்தில் வீடு வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

வீடு பிடித்துவிட்டது என்றால் ஒரு வாரம் லீவு போடாமல் அந்த ஊரிலிருந்தே வேலைக்குப் போய்வாருங்கள். உறவுக்காரர் வீட்டிலோ வாடகை அறையிலோ தங்கலாம். அந்த வாரத்தில் ஒரு நாளாவது இரவு எட்டரை மணிக்கு மேல் திரும்பிப் பாருங்கள். ரயில் நிலையத்திலிருந்து வீட்டுக்கு அந்த நேரத்தில் பஸ் இருக்கிறதா, ஆட்டோக்காரர் எவ்வளவு கேட்கிறார் என்பதை எந்தத் தரகரும் சொல்ல மாட்டார்.

எந்தப் பக்கம் தேடலாம்

களியக்காவிளை, மெதுகும்மல், பளுகல் என்று எல்லையை ஒட்டிய ஊர்களில் பயணம் குறைவு, ஆனால் கேரளத்துக்காரர்களும் அங்கே வாங்க வருவதால் விலை அதற்கேற்ப இருக்கும். மார்த்தாண்டத்தில் கடை, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாம் உண்டு, நெரிசலும் உண்டு. மார்த்தாண்டத்துக்கான ரயில் நிலையத்தின் பெயர் குழித்துறை என்பதை வெளியூர்க்காரர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவும். பள்ளியாடி, இரணியல் பக்கம் பயணம் கூடும், அதே பணத்துக்குச் சென்ட் கூடுதலாகக் கிடைக்கும். என் கணக்கில் சம்பளக்காரருக்கு ஏற்ற இடம் இதுதான். நாகர்கோவில் மாநகருக்குள் மலிவு என்று எதுவும் இல்லை, பயணமும் நீளம். தோவாளை, ஆரல்வாய்மொழியிலிருந்து தினமும் போய்வருவேன் என்பவர் முதலில் ஒரு மாதம் போய்வரட்டும்.

அருமனை, கடையால், பத்துகாணி பக்கம் குளிர்ச்சியான காற்றும் ரப்பர் தோட்டமும் மனத்தை இழுக்கும். ரயில் கிடையாது, பஸ்ஸை நம்பித்தான் வாழ வேண்டும். நிலத்துக்கும் அங்கே சில கட்டுப்பாடுகள் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இரண்டாவது வழி: வீட்டுக்குள்

மதுரைப் பக்கத்து ஊர்களில் தெரு இருக்கும், தெருவில் வீடு இருக்கும். குமரியின் மேற்குப் பகுதியில் வீடு முதலில் வந்தது, தெரு வரவே இல்லை. ஒவ்வொரு குடும்பமும் தன் விளையின், அதாவது தோட்ட நிலத்தின், நடுவில் வீடு கட்டியது. பிள்ளைகள் பாகம் பிரித்தார்கள், பேரப்பிள்ளைகள் மறுபடியும் பிரித்தார்கள். ஆளுக்கு ஐந்து சென்ட், ஏழு சென்ட் என்று ஆனபோது பின்னால் இருக்கும் வீட்டுக்குப் போக வரப்பு அகலத்தில் ஒரு பாதை மிஞ்சியது. ஊர்ப் பெயர்களில் பாதிக்குப் பாதி 'விளை' என்று முடிவது இதனால்தான்.

நான் முன்பணம் இழந்த வீடு அப்படிப்பட்டது. ஒன்பது சென்ட், நல்ல கிணறு, அயனி மரத்தில் உத்திரம் போட்ட ஓட்டு வீடு. விலையோ பக்கத்து இடங்களைவிட மிகக் குறைவு. மகிழ்ச்சியில் ஐம்பதாயிரம் கொடுத்துவிட்டேன். இரண்டாவது முறை போனபோதுதான் ஆட்டோ முக்கில் நின்றுவிட்டதைக் கவனித்தேன். முதல் தடவை தரகர் ஸ்கூட்டரில் கூட்டிப் போயிருந்தார். இரண்டு மதில்களுக்கு நடுவே நடந்துகொண்டே இரு கைகளையும் நீட்டினேன். முழங்கை மடங்கியபடியே விரல்கள் இரண்டு பக்கமும் சுவரைத் தொட்டன. திண்ணையில் உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டுப் பாட்டியிடம், "பீரோ கட்டில் எல்லாம் எப்படிக் கொண்டுவந்தார்கள்?" என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கட்டில் கிடக்கட்டும் மக்களே, தாத்தா இறந்தபோது பெட்டியைச் சரித்துத்தான் எடுத்தோம்" என்றார்.

பத்திரத்தை வாங்கிப் படித்தேன். மூன்றடி நடைவழி உரிமை என்று எழுதியிருந்தது. அந்த மூன்றடியும் விற்பவருடைய சித்தப்பா மகனின் இடத்தில் இருந்தது. இரண்டு குடும்பத்துக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. பணத்தைத் திருப்பிக் கேட்டேன். ஒப்பந்தம் எழுதாமல் கொடுத்த பணம் எங்கே திரும்பும்?

ஆகவே அளவு நாடாவைப் பையில் வையுங்கள். பாதையில் மிக ஒடுங்கிய இடம் எது என்று பார்த்து அதை அளவிடுங்கள். சிறிய லாரி வர எட்டடியாவது வேண்டும். வராவிட்டால் நாளைக்கு மராமத்துக்கு வரும் ஒவ்வொரு செங்கல்லுக்கும் சுமைகூலி தனி. அடுத்து, அந்தப் பாதை யாருடையது என்று கேளுங்கள். ஊராட்சிப் பாதையா, பட்டா நிலத்தில் உள்ள வழியா? ஊராட்சி சிமெண்ட் போட்டிருப்பது மட்டும் ஆதாரம் ஆகாது. புல வரைபடத்தில் பாதை தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். பட்டா நிலத்து வழி என்றால், அகலமும் 'வாகனம் செல்லும் உரிமை' என்ற சொல்லும் விற்பவரின் பத்திரத்தில் இருக்க வேண்டும், வழி கொடுத்தவரின் பத்திரத்திலும் அது ஒத்துப்போக வேண்டும். 'காலம் காலமாக இந்த வழியாகத்தான் போகிறோம்' என்ற வாய்ப்பேச்சு, பக்கத்து இடம் கைமாறும் நாள் வரைக்கும்தான் செல்லும்.

மூன்றாவது வழி: பத்திரம் வந்த தடம்

இங்கே கிரயப் பத்திரத்தைப் பிரமாணம் என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். திருவிதாங்கூர் காலத்துப் பிரமாணங்களில் பல மலையாளத்தில் இருக்கும், ஆண்டும் கொல்லம் என்னும் மலையாள ஆண்டாக இருக்கும். அதை மாற்றுவது எளிது. சிங்க மாதத்திலிருந்து (ஆவணி) டிசம்பர் முடிய 824-ஐயும், ஜனவரியிலிருந்து கர்க்கடகம் (ஆடி) முடிய 825-ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். '1118 துலாம்' (ஐப்பசி) என்றால் 1942. நான் வாங்கிய வீட்டின் மூலப்பத்திரம் அந்த ஆண்டுக்குரியது. மார்த்தாண்டத்தில் ஒரு வழக்கறிஞரின் வயதான குமாஸ்தா, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தாளை வெளிச்சத்துக்குப் பிடித்து எழுத்தெழுத்தாகப் படித்துச் சொன்னார். பாதியில் நிறுத்தி, "நான்கு எல்லையில் கிழக்கே தோடு என்று இருக்கிறதே, இப்போது அங்கே தோடு உண்டா?" என்று கேட்டார். போய்ப் பார்த்தேன். தோடு என்னும் நீரோடை இருந்த இடத்தில் வாழை நின்றது. நீரோடைப் புறம்போக்கில் ஒரு சென்ட்டை விற்பவர் தன் கணக்கில் சேர்த்திருந்தார். அந்தச் சென்ட்டை விலையிலிருந்து கழித்தேன். மலையாளம் படிக்கத் தெரிந்த வழக்கறிஞரைத் தேடுங்கள் என்று சொல்வதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

மூலப்பத்திரத்திலிருந்து இன்றைய உரிமையாளர் வரை சங்கிலி அறுபடாமல் வர வேண்டும். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். பழைய ஆண்டுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட வேண்டியிருக்கும். எந்தக் காலத்தில் அந்த ஊர் எந்தச் சார்பதிவாளரின் கீழ் இருந்தது என்று கேட்டு, தேவையானால் இரண்டு அலுவலகங்களிலும் தேடுங்கள். வில்லங்கச் சான்றில் வராத வில்லங்கமும் உண்டு. வட்டிக்காரரிடம் பத்திரத்தை வைத்துக் கைமாற்று வாங்கியிருந்தால் அது எங்கும் பதிவாகியிருக்காது. அதனால் அசல் பத்திரத்தைக் கண்ணால் பார்க்காமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது. ஒற்றிக்கு, அதாவது உரிமையாளருக்குப் பணம் கொடுத்து அதற்கு ஈடாக, யாராவது குடியிருக்கிறார்களா என்பதையும் கேட்டுவிடுங்கள். ஒற்றிப் பணத்தைத் தீர்க்காமல் அவர் வெளியேற மாட்டார்.

சகோதரிகளின் பங்குதான் இந்த மாவட்டத்தில் அதிகம் சறுக்கும் இடம். திருவிதாங்கூரின் 1916-ஆம் ஆண்டுக் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் தகப்பனார் இறந்தால், மகளுக்கு மகனுடைய பங்கில் கால் பகுதி அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான். ஸ்ரீதனம் கொடுத்து அனுப்பியாயிற்று என்று அதையும் பலர் கொடுக்கவில்லை. மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம், 1951 ஏப்ரல் 1 முதலே இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. அதாவது மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. ஆகவே அந்தத் தேதிக்குப் பின் உயில் இல்லாமல் இறந்தவரின் சொத்தை ஆண்மக்கள் மட்டும் பாகம் பிரித்திருந்தால், அந்தப் பாகப்பத்திரத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. இந்துக் குடும்பங்களிலும் 1956 சட்டம், தமிழ்நாட்டின் 1989 திருத்தம், 2005-இன் மத்தியத் திருத்தம் என்று மகள்களின் உரிமை படிப்படியாக விரிந்திருக்கிறது.

வாரிசுச் சான்றில் எத்தனை பெயர் இருக்கிறதோ அத்தனை கையெழுத்தும் வேண்டும், அல்லது பங்கை விட்டுக்கொடுத்துப் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வேண்டும். "அக்கா துபாயில் இருக்கிறார், அவர் ஒன்றும் கேட்க மாட்டார்" என்று தம்பி சொல்வார். உண்மையாகவே கேட்க மாட்டார். அவருடைய மருமகன் கேட்பார்.

பட்டாவை இணையத்தில் சரிபார்ப்பது ஐந்து நிமிட வேலை. பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏரில் இருக்கும். ஒரு ஏர் என்பது 2.47 சென்ட், ஒரு சென்ட் 435.6 சதுர அடி. பத்திரத்தில் பழைய சர்வே எண் இருக்கும், பட்டாவில் மறு சர்வே எண் இருக்கும். இரண்டும் ஒரே நிலம்தான் என்று உறுதியாகத் தெரிய வேண்டும். கூட்டுப்பட்டாவாக இருந்தால் உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்கித் தரும் பொறுப்பை விற்பவர் தலையில் போடுங்கள். பிறகு, உரிமம் பெற்ற அளவையரை வைத்து நிலத்தை அளந்து கல் நடுங்கள். அயலார் நான்கு பேரும் அப்போது நிற்கட்டும்.

நிலத்தின் வகையும் தடைகளும்

பழைய பத்திரத்தில் 'ஸ்ரீபண்டாரவகை' என்று கண்டால் பயப்பட வேண்டாம். திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலுக்கு உரியவையாக இருந்த அந்த நிலங்கள் 1964-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ரயத்துவாரி என்னும் பட்டா நிலங்களாக மாற்றப்பட்டன. மாறியபின் பட்டா யாருக்குக் கிடைத்தது என்று மட்டும் பாருங்கள். கோயில் நிலம், நீர்நிலைப் புறம்போக்கு, நிபந்தனையோடு கொடுத்த இலவசப் பட்டா என்றால் விலகிவிடுங்கள்.

ஏலா என்னும் நெல்வயலைத் தூர்த்து மனை போட்டிருப்பவர்கள் உண்டு. வருவாய்ப் பதிவேட்டில் நஞ்சை என்று இருந்தால், வீட்டு மனையாக மாற்ற அனுமதி வாங்கியிருக்கிறார்களா என்று கேட்க வேண்டும். மழைக்காலத்தில் அந்த மனைக்குப் போனாலே அது பழைய வயல் என்பது தெரிந்துவிடும். அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவு என்றால், 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவானவற்றை வரன்முறைப்படுத்த 2017-இல் விதிகள் வந்தன. வரன்முறை ஆணையின் நகலைக் கையில் வாங்கிப் பாருங்கள்.

மலையோரம் சில கிராமங்கள் ஹாகா என்னும் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் எல்லைக்குள் வருகின்றன. 1949-ஆம் ஆண்டுத் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் நிலமும் உண்டு. சர்வே எண்ணை வைத்துச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டால் பதிவுத் தடை இருக்கிறதா என்று சொல்லிவிடுவார்கள். கடற்கரையில் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் உண்டு. கிள்ளியூர் தாலுகாவில் கீழ்மிடாலம், மிடாலம், இனயம்புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு கிராமங்களில் 1,144 ஹெக்டேரில் கனிம மணல் எடுக்கும் திட்டம் பெரிய எதிர்ப்பைக் கிளப்பியது. அந்தப் பக்கம் வாங்குகிறவர் சர்வே எண் அந்தப் பரப்புக்குள் வருகிறதா என்று பார்த்துவிட்டே கை நனைக்கட்டும். நான்கு வழிச்சாலைக்கு எடுத்த நிலத்தை ஒட்டிய வீடுகளுக்கும் இதே எச்சரிக்கை.

கிணறும் கூரையும்

வீடு பார்க்கும் மாதம் முக்கியம். இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை தொடங்கிய பின் இந்த மாவட்டத்தில் எல்லாக் கிணறும் நிறைந்த கிணறுதான். கோதையாற்றுப் பாசனக் கால்வாய்களில் தண்ணீர் ஓடும் மாதங்களில் அருகிலுள்ள கிணறுகளும் ஊறும். கால்வாய் அடைத்தபின் பங்குனி, சித்திரையில் எவ்வளவு நிற்கிறது என்பதே உண்மையான அளவு. விளவங்கோட்டில், "கால்வாய் பக்கத்திலேயே இருக்கிறது" என்று காட்டுவார்கள். நெய்யாறு இடதுகரைக் கால்வாய் என்றால் 2004 முதல் கேரளம் தண்ணீர் விடுவதை நிறுத்திவிட்டது. சித்திரையில் போக முடியாவிட்டால் கிணற்றின் உள்சுவரைப் பாருங்கள். பாசிக்கறை எந்த உயரத்தில் முடிகிறது, அடியில் உறை எந்த நிறத்தில் இருக்கிறது என்பதில் கோடைக்கணக்கு தெரியும். கடலோரத்தில் என்றால் ஒரு வாய் குடித்துப் பாருங்கள்.

இந்த மாவட்டத்துத் தாமிரபரணி ஆற்றோரத்திலும் தாழ்ந்த ஏலாக்கரையிலும் 2021 நவம்பர் மழையில் தண்ணீர் எங்கே வரை வந்தது என்று அயல்வீட்டில் கேளுங்கள். சுவரில் கோடு காட்டுவார்கள்.

பழைய வீட்டில் ஓட்டைப் பார்ப்பதைவிட உத்திரத்தின் முனையைப் பாருங்கள். அயனி, பலா, தேக்கு என்று நல்ல மரம் போட்டிருந்தாலும், சுவருக்குள் போகும் இடத்தில்தான் கரையான் பிடிக்கும். ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் உள்ளே இறங்கக் கூடாது. குளியலறை இருக்கும் வெளிச்சுவர், வடக்குப் பக்கச் சுவர் ஆகிய இரண்டிலும் ஈரம் ஏறியிருக்கிறதா என்று கையை வைத்துப் பாருங்கள். மற்றதை எல்லாம் கொத்தனார் பார்த்துக்கொள்வார்.

விலையும் ஒப்பந்தமும்

அயல்நாட்டில் இருப்பவரின் வீடுகள் இங்கே நிறைய விற்பனைக்கு வரும். அவர் பெயரில் அதிகாரப் பத்திரம் வைத்திருக்கும் தம்பியோ மைத்துனரோ பேசுவார். வெளிநாட்டில் எழுதிய அதிகாரப் பத்திரத்தில் இந்தியத் தூதரகச் சான்றோ நோட்டரி சான்றோ இருக்க வேண்டும், இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரை போட்டிருக்க வேண்டும். வீடியோ அழைப்பில் உரிமையாளரிடமே ஒரு முறை பேசிவிடுங்கள். வரிக்கணக்கிலும் ஒரு வேறுபாடு உண்டு. உள்நாட்டில் வசிப்பவரிடம் 50 லட்சமோ அதற்கு மேலோ விலையுள்ள வீட்டை வாங்கும்போதுதான் 1 சதவீதம் பிடித்து வருமான வரித்துறைக்குக் கட்ட வேண்டும். விற்பவர் வெளிநாடு வாழ் இந்தியர் என்றால் அந்த 50 லட்ச வரம்பு கிடையாது, பிடிக்க வேண்டிய விகிதமும் பல மடங்கு அதிகம். பிடிக்காமல் விட்டால் வரித்துறை கேட்பது உங்களைத்தான். ஒரு பட்டயக் கணக்காளரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

பத்திரத்தில் குறைத்துக் காட்டலாம், மீதியை ரொக்கமாகக் கொடுங்கள் என்று கேட்பவர்கள் உண்டு. வங்கி பத்திர விலைக்கு மட்டுமே கடன் தரும். உங்கள் கையிலிருந்து போகும் ரொக்கம் கூடும், பின்னால் நீங்கள் விற்கும்போது லாபம் பெரிதாகத் தெரிந்து வரியும் கூடும். நான் இதற்கு ஒப்புக்கொள்ளாததால் ஒரு வீடு கைநழுவியது. அதைப் பற்றி வருத்தம் இல்லை.

கிரய ஒப்பந்தத்தைத் தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். செலவைப் பார்த்து வெள்ளைத்தாளில் எழுதிக்கொள்ளாதீர்கள். ஒப்பந்தத்தில் மொத்த விலை, முன்பணம், கெடு ஆகியவற்றோடு மூன்று வரிகள் தவறாமல் இருக்கட்டும்: வங்கிக் கடன் மறுக்கப்பட்டால் முன்பணம் இத்தனை நாளுக்குள் திரும்ப வேண்டும், அளந்து குறைந்தால் சென்ட்டுக்கு இவ்வளவு என்று கழிய வேண்டும், பாதையின் அகலம் இத்தனை அடி. முன்பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். தரகும் இவ்வளவு, அதுவும் பதிவன்றுதான் என்று முதலிலேயே பேசிவிட்டால் கடைசி நாளில் முகம் சுளிக்க வேண்டியிருக்காது.

பதிவன்றும் அதன் பிறகும்

பதிவு நாளன்று காலையில் மறுபடியும் ஒரு வில்லங்கச் சான்று எடுங்கள். ஒப்பந்தத்துக்கும் பதிவுக்கும் நடுவில் என்ன நடந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும். எழுதிய பத்திரத்தின் நகலை முந்தின நாளே வாங்கி, சர்வே எண், நான்கு எல்லை, பரப்பு, பாதை, மின் இணைப்பு எண் எல்லாவற்றையும் சத்தமாக ஒருவர் படிக்க இன்னொருவர் பழைய பத்திரத்தில் பார்த்துச் சரிபாருங்கள். என் பத்திரத்தில் 'மேற்கு' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'கிழக்கு' என்று அச்சாகியிருந்ததை என் மனைவி இப்படித்தான் கண்டுபிடித்தார்.

சாவி கைக்கு வந்த வாரத்திலேயே பட்டா மாறுதல், வீட்டு வரி ரசீதில் பெயர் மாற்றம், மின் இணைப்பில் பெயர் மாற்றம் மூன்றுக்கும் மனுப் போடுங்கள். உட்பிரிவு இல்லாத முழு சர்வே எண் என்றால் பட்டா தானாகவே மாறிவிடும். உட்பிரிவு இருந்தால் அளவையர் வந்து அளக்கும் வரை விடாமல் கேட்க வேண்டியிருக்கும். மதில் கட்டுவதை ஒரு மழைக்காலம் தள்ளிப்போடுங்கள். தண்ணீர் எந்த வழியாக வடிகிறது என்று பார்க்காமல் கட்டிய மதில் முதல் மழையிலேயே சாய்வதையும், அயலாரின் முற்றத்தில் குளம் கட்டுவதையும் கண்டிருக்கிறேன்.

எல்லையில் நிற்கும் பலாவைப் பற்றியும் பேசிவிடுங்கள். என் வீட்டில் அடிமரம் என் பக்கம், காய்க்கும் கொம்பெல்லாம் அடுத்த வீட்டுப் பக்கம். குடியேறிய முதல் ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டு அண்ணன் வந்து, பலாச்சக்கை விழுந்து ஓடு உடைகிறது, கொம்பை வெட்டலாமா என்று கேட்டார். வெட்ட வேண்டாம், பழுத்தது அவருக்கு, கறிக்கு இளசாகப் பறிப்பது எனக்கு என்று பேசி முடித்தோம். உடைகிற ஓட்டுக்குப் பாதிப் பணம் நான் கொடுக்கிறேன்.